குடலின் பட்டு வஸ்திரம்

கேள்வி: ஒரு சாண் வயிறு என்கிறார்கள், அதற்குள் அத்தனை நீளக் குடல் ஓயாமல் நெளிந்தும் உராய்ந்து புண்ணாகாதிருப்பது எங்ஙனம்?

பதில்: ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல், இரைப்பையைப் போலவே, செரோசா என்னும் பளபளப்பான மெல்லிய சவ்வைப் பட்டு வஸ்திரமாகப் போர்த்திக்கொண்டிருப்பதனாலும், ஒற்றை அடுக்குச் செல்களாலான அதன் மேற்பரப்பில் சதா சிறிதளவு திரவம் கசிந்து வழவழப்பூட்டுவதனாலுமே, அந்த நெருக்கடியான குடித்தனம் சச்சரவின்றி நடந்துவருகிறது. மார்புக்குள் இறங்கும் உணவுக்குழலுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அட்வெண்டீஷியா என்ற தளர்ந்த நார்த்திசு அதனை அக்கம்பக்கத்து உறுப்புகளோடு பிணைத்து வைத்திருக்கிறது. நழுவி விளையாட வேண்டாத உறுப்புக்கு அதுவே போதுமெனினும், வெட்டித் தைக்க நேரும் நாளில்தான் செரோசாவின் அருமை விளங்கும். அறுபட்ட குடலின் விளிம்புகளை உள்நோக்கி மடித்து, செரோசாவும் செரோசாவும் முகம் பொருந்துமாறு தைக்கும் முறையை 1826-இல் வகுத்தளித்த பிரெஞ்சு ரண சிகிச்சை நிபுணர் அந்துவான் லாம்பேரின் பெயரை அத்தையல் இன்றும் தாங்கி நிற்கிறது; அவ்விரு பரப்புகளும் விரைவில் ஒட்டிக்கொண்டு கசிவைத் தடுத்துவிடுகின்றன. உணவுக்குழலில் போட்ட தையல் எளிதில் கசிவதற்கு இந்த உறை இன்மையும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கேளுங்கள். குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, அழற்சி மேலுறையைக் கடந்து வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்டவுடன், வலது அடிவயிற்றுக்கு இடம் மாறும். அப்படி வலி நகர்ந்தால், விளக்கெண்ணெயைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.