முத்துக்கு விலை உண்டு

ஏளா, அந்தச் சுளவை இங்கன தள்ளு. முருங்கைக்கீரை ஆயதுக்கு ரெண்டு கை போதும். காதும் வாயும் சும்மாதானே கெடக்கு. காதை நீ குடு, வாயை நான் பாத்துக்கிடுதேன்.

கல்யாணத்தன்னைக்கு ஐயர் என்ன வாசிச்சாவன்னு ஞாபகம் இருக்கா? இருக்காது. மாலைக்குள்ள எறும்பு கடிச்சு நீ நெளிஞ்சுக்கிட்டு நின்ன. நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீ. எனக்கும் அதைத்தான் வாசிச்சாவ, உன் மாமியாளுக்கும் அதைத்தான் வாசிச்சாவ. குணசாலியோட வெல முத்தைவிட ஒசத்தின்னு வந்ததும் உன் மாமனார் தலையை ஆட்டுன ஆட்டத்துல கழுத்து சுளுக்காம இருந்தது கர்த்தர் கிருபை. முத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டு போனா எவனாவது ஒரு வெல சொல்லுவான். முத்தைவிட ஒசத்தின்னு எழுதி வச்சிட்டா, அப்புறம் எவன் துட்டை எடுத்து நீட்டுவான்?

அந்த அதிகாரத்தைச் சொல்லிக் குடுத்தது யாருன்னு மேல மொத வசனத்துலயே இருக்கு, ஒருத்தரும் வாசிக்கதில்ல. லேமுவேல் ராசாவோட அம்மை. மவனைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னது. ஆக, மாமியாக்காரி போட்ட பட்டியல்! எபிரேய பாஷைக்கு 22 எழுத்தாம், எழுத்துக்கு ஒரு வசனம்னு 22 வசனமாம். எங்க பழைய உபதேசியார் சொன்னாவ. நல்லவேளை, அந்தம்மைக்குத் தமிழ் தெரியல. தெரிஞ்சிருந்தா 247 எழுத்துக்கும் வேலை வச்சிருப்பா.

சரி, குணசாலியா இருக்கணும்னா என்ன செய்யணும்னு கேளு. இருட்டோட எந்திரிக்கணும். அது ஒண்ணும் கஷ்டமில்ல, மும்முனை கரண்டு வார நேரத்துக்கு மோட்டார் போட எப்படியும் எந்திரிக்கத்தான் வேணும். வாழைக்குத் தண்ணி பாச்சி, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, சாணி அள்ளி, பால் பீச்சி, அடுப்பை மூட்டி, பிள்ளைகளைக் கெளப்பி, முதல் மணி அடிக்கதுக்குள்ள தலையை முடிஞ்சு சேலையை மாத்தி ரெண்டாம் மணிக்குக் கோயில்ல முழங்கால் போடணும். அப்பத்தான் ஐயர் "விழித்திருந்து ஜெபியுங்கள்"னு பிரசங்கம் பண்ணுவாவ. நீ அங்கன தூங்கி விழு. ஆனா "ஆமென்" வார எடத்துல தலை நிமிந்துடணும். அது பழக்கத்துல வந்துரும். எனக்கு 3 மாசத்துல வந்துச்சு.

அதே அதிகாரத்துல அவ புருசனைப் பத்தியும் ஒரு வசனம் உண்டு. ஊர் வாசல்ல பெரியவங்களோட உக்காந்திருப்பானாம். அந்த ஒரு வசனத்தை மட்டும் நம்ம ஊர் ஆம்பளைக அச்சுப் பெசகாம நிறைவேத்திட்டாவ. கோயில் தேர்தல் வந்துட்டா பாத்துக்கோ, வாசல்ல உக்காந்தவிய வீட்டுக்கு வரதே சோத்துக்குத்தான். எந்த அணி, யாரு யாருக்கு ஓட்டு, யாரு காலை வாரினான்! வாழைக்கு மண் அணைக்கணும்னு சொல்லிப் பாரு, "சபை காரியம்டி"ம்பாவ. சபை காரியத்துக்கு எதிர்ப்பேச்சு கெடையாது. நீ போயி மண் அணை.

கைப்பிடி அரிசி மறந்துராத. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்து ஆண்டவர் பானையில போடணும். மிஷனரி ஞாயித்துக்கிழமைக்கு வந்த ஒரு ஐயா சொன்னாவ, மிசோரம் மலையில பொம்பளைக 1910ல ஆரம்பிச்ச அந்தப் பிடி அரிசியிலயே அங்க சபைக்குப் பெரிய வருமானமாம். நானும் 52 வருசமாப் போடுதேன். ஆனா வலக்கை குடுக்கது இடக்கைக்குத் தெரியக்கூடாதுல்லா? பாவம், அந்த இடக்கை வருத்தப்படுமேன்னு அதுக்கும் தனியா ஒரு பானை வச்சேன். பரண்ல, புளிப்பானைக்குப் பின்னால. அதுல அரிசியும் உண்டு, முட்டை வித்த துட்டும் உண்டு, கருப்பட்டி வித்த துட்டும் உண்டு. தாத்தாவுக்குப் புளி பிடிக்காது. அந்தப் பக்கமே வரமாட்டாவ.

அறுப்பின் பண்டிகையை நீ இன்னும் பாக்கல. வாழைத்தார், பூசணிக்காய், நெல்லு, இளநீர், ஆடு, கோழி எல்லாம் பீடத்துக்கு முன்னால கொண்டாந்து குவிச்சு, ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விடுவாவ. ஒரு வருசம் என் செம்பட்டைப் பெட்டையைக் கொண்டு போனோம். குஞ்சுல இருந்து நான் வளத்தது, காலைக் கட்டுனதும் நானே. ஏலம் போடுதவன் தாத்தா பேரைச் சொல்லி, "இன்னாரு படைச்ச கோழி!"ன்னான். சபையே திரும்பித் தாத்தாவைப் பாத்துச்சு. தாத்தா மீசையைத் தடவினாவ. எதிரணிக்காரன் 300ன்னான். தாத்தாவுக்கு ரோசம், 400. அவன் 600. இவிய 800. கோழி கழுத்தைத் திருப்பி என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்குதேன். கடைசியில 1,150 ரூபாய்க்கு நம்ம கோழியை நம்மளே எடுத்தோம்! கைதட்டல்னா கைதட்டல். துட்டு? "ஏட்டி, கையில ஏதும் வச்சிருக்கியா?"ன்னு தாத்தா காதோரமா வந்தாவ. அன்னைக்குத்தான் இடக்கைப் பானை மொத மொதலா வெளிச்சத்துக்கு வந்துச்சு. சபைக் கணக்குல தாத்தா பேர்ல 1,150ன்னு அழகா எழுதி, ரசீதும் குடுத்தாவ. அந்தக் கோழியை நான் அறுக்கல. அது போட்ட முட்டையில அந்தத் துட்டைத் திரும்ப எடுக்க எனக்கு ஒன்றரை வருசம் ஆச்சு. ஒடனே பானையையும் எடம் மாத்துனேன்.

பேரு இல்லாதது நமக்கு மட்டும்னு நெனைச்சுக்காத. என் அம்மை பொறந்தது இடையன்குடிப் பக்கம். அங்க கால்டுவெல் ஐயர் கட்டுன கோயிலைப் பாத்தா கழுத்து வலிக்கும், 1880ல பிரதிஷ்டை. அவிய 1856ல திராவிட மொழிகளுக்கு இலக்கணம் எழுதினாவன்னு ஊரெல்லாம் பெருமை. பெருமைதான், நான் இல்லன்னு சொல்லல. அவிய கெட்டின எலிசா அம்மா நாகர்கோயில்ல வளந்தவிய, தமிழ்லயே பேசிப் பழகினவிய. வீட்டுக்குள்ளயே அப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு எழுதினா இலக்கணம் ஓடாதா? ஆனா அந்தம்மா பேரை எங்க ஆத்தா வேற காரியத்துக்குத்தான் சொல்லுவா. ரேந்தை பின்னச் சொல்லிக் குடுத்ததுக்கு. எலிசா அம்மாவோட அம்மை நாகர்கோயில்ல அதை ஆரம்பிச்சாவளாம். அப்ப அங்க அடிமைப் பொம்பளைக இருந்தாவ. நூலும் ஊசியுமா ரேந்தை பின்னி வித்து, அந்தத் துட்டைக் குடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கிட்டவிய அதுல உண்டு. கீரையைப் பாரு ஏளா, என் மூஞ்சியைப் பாக்காத. காம்பும் சேந்து விழுது.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. நீ அப்ப காலேஜ்ல இருந்திருப்ப. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரவருணி பொங்கி, குளமெல்லாம் ஒடைஞ்சு, நம்ம வாழை பூராவும் படுத்துட்டு. குலை தள்ளுத நேரம். கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தான், நல்ல பிள்ளை. எத்தனை வாழை, என்ன ரகம், எப்ப நட்டது, எத்தனை உரம் வச்சது, எல்லாத்தையும் என்கிட்டயும் உன் மாமியாகிட்டயும் கேட்டு எழுதினான். கடைசியா, "பாட்டி, விவசாயி எங்க?"ன்னான். நாங்க ரெண்டு பேரும் முழங்கால் சேத்தில நிக்கோம். உன் மாமியா என்னைப் பாத்தா. நான் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டுனேன். பட்டா யாரு பேர்ல இருக்கோ அவருதான் விவசாயி. வாழைக்கு அது தெரியாது, நாங்க கூப்பிட்டாத்தான் குலை தள்ளும்.

தாத்தா கர்த்தருக்குள்ள போன நாப்பதாம் நாள் என் மவன்மாரு ரெண்டு பேரும் ஒரு பத்திரத்தோட வந்தாவ. விடுதலைப் பத்திரமாம். நான் ஒரு கையெழுத்துப் போட்டா போதுமாம். "யாருக்குப்பா விடுதலை?"ன்னேன். முழிச்சானுவ. வக்கீலுக்குப் படிச்ச என் தங்கச்சி மவ எனக்கு முன்னாலயே சொல்லியிருந்தா: 1925ஆம் வருசத்து வாரிசுச் சட்டப்படி, கிறிஸ்தவன் உயில் எழுதாமப் போயிட்டா, பிள்ளைக இருந்தாலும் பொண்டாட்டிக்கு மூணுல ஒண்ணு. மீதியில ஆண்பிள்ளைக்கும் பொம்பளைப் பிள்ளைக்கும் சமம். உன் அத்தைமாரும் அதுல உண்டு.

இதை நான் சொன்னேனா? சொன்னா சண்டைதான். பத்திரத்தை வாங்கி வேதப்புத்தகத்துக்குள்ள வச்சேன். "ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன் மக்கா"ன்னேன். கண்ணுல தண்ணிகூட வந்துச்சு, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ஜெபம் பண்ணாதன்னு எந்தப் பிள்ளையால சொல்ல முடியும்? ஐயர்கிட்ட போயிச் சொன்னானுவ. ஐயரும், "அம்மா ஜெபிக்கட்டும், கர்த்தர் வழிநடத்துவார்"னுட்டாவ. வருசம் ஓடுது. இன்னும் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பத்திரம் நீதிமொழிகள் 31லதான் இருக்கு, அடையாளத்துக்கு.

அங்க 16ஆம் வசனத்தை எடுத்துப் பாரு. குணசாலியானவ ஒரு வயலை நல்லா விசாரிச்சு, வாங்கிப் போட்டு, தன் கைச் சம்பாத்தியத்துல திராட்சை நட்டாளாம். 22 வசனத்துல அந்த ஒண்ணு வரும்போது மட்டும் நம்ம ஆம்பளைகளுக்கு இருமல் வந்துரும். 31ஆம் வசனமும் அப்படித்தான், அவ கைப்பலனை அவகிட்டயே குடுங்கன்னு முடியும். அதுக்குள்ள பந்தி போட்டுருவாவ.

நம்ம கீழத்தோட்டத்தை ஒட்டி 18 செண்டு வெலைக்கு வருது. நானே நடந்து பாத்தேன், வில்லங்கமும் போட்டுப் பாத்தாச்சு. கெணத்துல பங்கு உண்டு. வெல 10 லட்சத்துக்கு ரொம்பக் கீழ. 2025 ஏப்ரல்ல இருந்து அந்த வெலைக்குள்ள பொம்பளை பேர்ல சொத்துப் பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் கொறைச்சிருக்காவ. ஆக, சர்க்கார்ல யாரோ 16ஆம் வசனம் வாசிச்சிருக்காவ. பானையை எண்ணிட்டேன், அட்வான்ஸும் குடுத்துட்டேன். உன் பேரும் உன் மாமியா பேரும். என் பேரு எதுக்கு? எனக்கு 6 அடி கல்லறைத் தோட்டத்துல எழுதி வச்சாச்சு, அதுக்கு வரியும் கெடையாது.

உன் மாமியாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவ ஒரு வார்த்தை பேசல, அடுப்பை ஊதுத மாதிரி திரும்பிக்கிட்டா. கேஸ் அடுப்பை!

திங்கக்கிழமை காலையில மூணு பேரும் பத்திர ஆபீஸுக்குப் போறோம். ஆதார் அட்டையை எடுத்துக்கோ. எங்க போறியன்னு உன் வீட்டுக்காரன் கேப்பான். பொய் சொல்லாத, கோயிலுக்குப் போற பொண்ணு நீ. பெண்கள் கூட்டத்துக்குப் போறோம்னு சொல்லு.

ஏன் முழிக்க? நம்ம மூணு பேரும் பொம்பளைகதானே. அந்த ஆபீஸ்ல எந்தத் திங்கக்கிழமை கூட்டம் இல்லாம இருந்திருக்கு?