100 போய் 150

பதுளையில் 100 சிசி பைக்கை விற்றுவிட்டு 150 தேடுகிறவர் டாங்கியைத் தட்டிப் பார்ப்பார், ஹோர்ன் அடித்துப் பார்ப்பார், மீட்டரை மட்டும் அப்படியே நம்பிவிடுவார். பசறை, லுணுகலை வளைவுகளில் வருடக்கணக்காய் ஏறி இறங்கிய பல்சர், மீட்டரிலோ 12,000 கிலோமீட்டர். "டீச்சர் ஒருத்தர் ஸ்கூலுக்கு மட்டும் ஓடினது, தம்பி." அப்படியென்றால் முன் ஃபோர்க்கில் ஒழுகும் எண்ணெயும், ஸ்ப்ரொக்கெட்டில் ஊசியாய்த் தேய்ந்த பற்களும் டீச்சரின் கைவண்ணம்தான்.

2020இல் வாகன இறக்குமதி நின்றதும் பழைய பைக்குக்கு வந்த பவுசு பெரிது. ஓடித் தேய்ந்தது வாங்கிய விலையைத் தாண்டி விற்றது. 2025இல் தடை நீங்கியது, விற்கிறவர் வாய்க்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டினால் பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல். 100 சிசிக்கும் 200 சிசிக்கும் ஒரே அளவு! அரசாங்கம் சமத்துவம் பார்த்த அபூர்வ இடம் அது. அன்று வரிசையில் நின்று சின்ன பைக்காரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்தான் இன்று "ஏத்தத்துக்குப் பெரிய எஞ்சின்தான் சரி" என்கிறார். சரிதான். ஆனால் லயத்துக்குப் போகும் தோட்டப் பாதையில் குழிகள் இரண்டாம் கியரைத் தாண்ட விடுவதில்லை. மிச்ச 50 சிசி, பதுளை டவுனில் திருகிக் காட்ட.