கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்

இந்தப் பகுதியில் பதில் சொல்ல வழக்கமாக ஒரு நரைத்த மீசை வேண்டும். இம்முறை ஆசிரியர் என்ன நினைத்தாரோ, கடிதக் கட்டை எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் என்னிடம் தள்ளிவிட்டார். மீசைப் பிரியர்கள் பொறுத்தருள்க.

*இருபத்திரண்டு வயதில் வாழ்க்கையைப் பற்றி உனக்கு என்னம்மா தெரியும்?*
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை

ஒன்றும் தெரியாது ஐயா. அதனால்தான் ஒவ்வொரு கேள்விக்கும் நூலகத்துக்கு ஓடுகிறேன். அறுபது வயதாகியிருந்தால் ஓடாமலே சொல்லியிருப்பேன்.

*ஆண்டுக்கு நூறு புத்தகம் படிப்பதாக நண்பன் பீற்றிக்கொள்கிறான். அவனை முந்துவது எப்படி?*
– கல்லூரி மாணவர், சேலம்

மெல்லிசாகப் பார்த்து எடுங்கள். ‘முப்பதே நாளில் முன்னேற்றம்’ ரகத்தில் நூறு தேறும், தீபாவளிக்குள் முந்திவிடலாம். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாளுக்கு ஓர் அத்தியாயமாக ‘வெண்முரசு’ எழுதினார். அத்தனையையும் கூடவே உட்கார்ந்து படித்தவருக்கு ஆறரை ஆண்டு முடிவில் உங்கள் கணக்குப்படி வெறும் 26 புத்தகம். பாவம், தோற்றுப்போனார்.

*‘பொன்னியின் செல்வன்’ இரண்டு படமும் பார்த்துவிட்டேன். இனிப் புத்தகம் எதற்கு?*
– வாசகி, தஞ்சாவூர்

தஞ்சாவூரிலிருந்தா இந்தக் கேள்வி? 1950-இல் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த கதையை, இரண்டு படமாக ஆறு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டீர்கள். ஆழ்வார்க்கடியானின் வயிறுதான் திரைக்கு வந்தது. வாய் முழுக்கப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

*வாங்கிய புத்தகங்களே பிரிக்காமல் கிடக்கின்றன. ஜனவரியில் மறுபடியும் சென்னைப் புத்தகக் காட்சி. போகலாமா?*
– வங்கி ஊழியர், செங்கல்பட்டு

போங்கள். பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைகளில் எத்தனையைக் கட்டியாயிற்று என்று அம்மாவை யாராவது கேட்கிறார்களா?

*நூலகத்துக்குள் கால் வைத்தாலே தூக்கம் வருகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?*
– ‘கொட்டாவி’, திருவாரூர்

கவலை வேண்டாம், பெரிய இடத்துக் கோளாறுதான். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன வேகத்தில் அலுத்துப்போய், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சினார். லண்டன் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் அலுத்தால் யோசிக்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தவர் கணக்குப் பக்கம் போகவே இல்லை. 1931-இல் அவர் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளை உலகம் முழுக்க இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அட்டை எடுத்துத் தர அரை மணி நேரம் காக்க வைக்கும் கிளை நூலகங்களில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டலாம்.

அதே 1931-இல் உங்கள் பக்கத்து ஊரான மன்னார்குடியிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். உங்களுக்கு வண்டி வராது; நீங்கள்தான் போக வேண்டும். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில், சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. தூங்கவாவது போங்கள்.

*என் நண்பன் இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தருவதே இல்லை. நட்பை விடுவதா, புத்தகத்தை விடுவதா?*
– அச்சக உரிமையாளர், சிவகாசி

1880-இல் சேலம் இராமசாமி முதலியார் தன்னிடமிருந்த சீவக சிந்தாமணிப் பிரதியை உ.வே.சாமிநாதையரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அது 1887-இல் அச்சாகி வந்தது. கொடுத்தவர் ‘அடுத்த வாரம் திருப்பித் தந்துவிடணும்’ என்று கறாராக நின்றிருந்தால் நமக்கு நஷ்டம். ஆகவே கொடுங்கள். கொடுக்கும் முன், உங்கள் நண்பருக்குப் பதிப்பிக்கும் எண்ணம் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

*ஃபேஸ்புக்கில் எனக்கு ஐயாயிரம் நண்பர்கள். தங்கை கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற நான்கு பேர் வரவில்லையே, ஏன்?*
– அண்ணன் ஒருவர், திண்டுக்கல்

ஐயாயிரத்துக்கு மேல் அவர்களே விடமாட்டார்கள். இல்லாவிட்டால் இன்னும் பலர் வராமல் இருந்திருப்பார்கள். ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவைப் பேண முடியும் என்கிறார் ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். எனக்கு அதுவே அதிகமாகத் தெரிகிறது. வள்ளுவர் நட்பு பற்றி வரிசையாக ஐந்து அதிகாரம் வைத்தார். அதில் ஒன்று ஆராய்ந்து சேர் என்கிறது. தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு முழுக்க எச்சரிக்கை. மனிதர் நன்றாக அடிபட்டிருக்கிறார்.

*உயிர்த் தோழன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பேச்சு ‘ம்’, ‘ஓகே’ என்று சுருங்கிவிட்டது. தூரம் நட்பைத் தின்றுவிடுமா?*
– பட்டதாரி, கோவில்பட்டி

பிசிராந்தையாரை இழுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பள்ளியில் படித்த அளவே அவர் போதும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இடைசெவல் இருக்கிறதே. ஒரே கிராமத்தில் இரண்டு பையன்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். ஒருவர் சென்னை, மலேயா என்று வேலை தேடிப் போனார். மற்றவர் ஊரிலேயே சம்சாரித்தனம் பார்த்தார். நடுவில் கடிதங்கள். படித்த கதை, கேட்ட சங்கீதம், ஊர்ச் செய்தி, கைக்கஷ்டம் எல்லாம் எழுதினார்கள். அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்தார், பிற்பாடு அவை புத்தகமாகவே வந்தன. உங்கள் ‘ம்’, ‘ஓகே’க்களை யாராவது புத்தகமாகப் போடுவார்களா? சொல்ல விஷயம் வற்றிப்போனால் பக்கத்து வீட்டில் இருந்தாலும் ‘ம்’தான். பெங்களூரைப் பழிக்காதீர்கள். இன்று இரவே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், எமோஜி கூடாது.

அழகிரிசாமி 1970-இல் காலமானார். அந்த ஆண்டின் சாகித்ய அகாதமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்குக் கிடைத்தது. கி.ரா.வுக்கு 1991-இல். இரண்டு தமிழ் எழுத்தாளர்கள் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதற்குத் தனி விருது கொடுத்திருக்க வேண்டும்.

*அக்கா மகனுக்குப் பிறந்தநாள். புத்தகம் கொடுத்தால் முகம் சுளிப்பானோ?*
– தாய்மாமன், பொள்ளாச்சி

சுளிக்கட்டும். மோதிரம் போட வேண்டிய மாமன் புத்தகத்தோடு நின்றால் யார்தான் சுளிக்கமாட்டார்கள்? ஆனால் மேலே சொன்ன ‘அன்பளிப்பு’ கதையைக் கொடுக்கும் முன் நீங்கள் படியுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ கிடைக்க, கிடைக்காத சாரங்கன் என்ற பையன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். படித்த பிறகு, முதல் பக்கத்தில் பையன் பெயரை எழுதாமல் கொடுக்க உங்களுக்கு மனம் வராது.

*கடவுள் இருக்கிறாரா?*
– பலர், பல ஊர்

புதுமைப்பித்தன் கதையில் அவர் சென்னைக்கே வந்து, கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடித்து, பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் கட்டினார். இந்தப் பத்திரிகைக்கும் சந்தா உண்டு. உங்களில் யாருக்காவது முகவரி தெரிந்தால் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்.

*வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்? ராத்திரி இரண்டு மணி வரை யோசிக்கிறேன்.*
– வயது 23, அரியர் 3, திருச்சி

அரியரை முடித்துவிட்டு யோசிக்கலாமே என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். நான் சொல்லமாட்டேன். ஏனென்றால் அரியரே இல்லாதவருக்கும் இது வந்திருக்கிறது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ இரண்டையும் எழுதி, நிலபுலன், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் சேர்ந்த பிறகு, ஐம்பது வயதில் டால்ஸ்டாய்க்கு ‘இதெல்லாம் எதற்கு?’ என்று வந்துவிட்டது. சும்மா வரவில்லை. துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகவே பயப்படும் அளவுக்கு வந்தது. அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார், தலைப்பே ‘வாக்குமூலம்’. தத்துவம், விஞ்ஞானம் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, உழைத்துச் சாப்பிடும் குடியானவர்கள் எதை நம்பி இருக்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார். செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டார். அப்புறமும் முப்பது ஆண்டு இருந்தார். கண்டுபிடித்தாரா என்று கேட்டால் பண்டிதர்களுக்குள் சண்டை வரும்.

எனக்குப் பட்டது இது: இந்தக் கேள்வியைத் தனியாக இரண்டு மணிக்குக் கேட்டால் பூதம் மாதிரி நிற்கும். மாலை ஐந்து மணிக்கு டீக்கடையில் ஒரு நண்பனிடம் கேட்டால், அவனும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். தூக்கம் ஒரேயடியாகப் போய்விட்டால் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்காமல் வீட்டில் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

*அடுத்த இதழிலும் நீதானா?*
– மறுபடியும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை

ஆசிரியர் இன்னும் வாய் திறக்கவில்லை ஐயா. யார் பதில் சொன்னாலும் கேள்வி வேண்டுமே, தொடர்ந்து அனுப்புங்கள். அஞ்சலட்டை இன்னும் ஐம்பது பைசாதான். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி போதும். ஜாதகம் இணைக்க வேண்டாம்.