கரித்துணிக் கோட்பாடு: பரணிலிருந்து இறங்கிய கணினி குறித்து ஓர் ஆய்வு

தமிழர் வீட்டுக்குள் வந்த பொருள் எளிதில் வெளியே போவதில்லை. பதவி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி சில ஆண்டுகள் விசேஷ வேட்டியாக இருந்து, வீட்டு வேட்டியாகி, பாதியாகக் கிழிபட்டுத் துண்டாகி, கடைசியில் அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியாகிறது. கரித்துணியான பிறகுதான் அதற்குப் பூரண விடுதலை. அதன்மேல் குழம்பு கொட்டினால் யாரும் பதறுவதில்லை. பழைய கணினி ‘டெஸ்ட் மெஷின்’ ஆவதும் இந்த விதிப்படியே என்பது நம் துணிபு.

இத்துறையில் முன்னோர் நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை, தேடவும் இல்லை. ஆய்வின் எல்லை எங்கள் சமையலறைக்கு மேலுள்ள பரண். எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று: 2008இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிய கருப்புப் பெட்டி, கோர் 2 டியோ பிராசசர், 1 ஜி.பி. ராம், 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா எனின், ஒரு சோற்றைப் பதம் பார்த்துப் பானையை இறக்கும் இனத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது என்க.

முதலில் காலக் கணிப்பு. மரத்தின் வயதை வளையங்களை எண்ணிச் சொல்வதுபோல, வீட்டுக் கணினியின் பணிக்காலத்தை ஆயுத பூஜைப் பொட்டுகளை எண்ணிச் சொல்லலாம். நம் மாதிரியின் முகப்பில் துடைத்தும் போகாத சந்தனக் கறைகள் ஒன்பது. 2008இல் தொடங்கி 2016 வரை ஆண்டுக்கு ஒன்று. அதாவது, விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைவிரித்த பிறகும் மூன்று சரஸ்வதி பூஜை வரை, முறைப்படியான பாதுகாப்பு எதுவுமில்லாமல், அம்பாளின் பொறுப்பில் மட்டுமே இது ஓடியிருக்கிறது. 2017இல் பொட்டு இல்லை. அந்த ஆண்டு பொட்டு லேப்டாப்புக்குப் போய்விட்டது.

பரணிலிருந்து இறக்கிய அன்று பெட்டி உயிர்பெறவில்லை. பீப், பீப் என்று நீளமாக, விட்டுவிட்டு அழுதது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ராம் சரியாக உட்காராவிட்டால் கணினியால் திரையில் எதையும் எழுத முடியாது. ஆகவே தாய்ப்பலகையில் உள்ள சிறு ஒலிப்பான் வழியாகத் தன் குறையைச் சொல்லும். ராமைப் பிரிந்த பெட்டி தசரதனைப் போல அரற்றும் என்று மாணவர்கள் நினைவில் வைக்கலாம். இதற்கு ரிச்சி தெருவில் பல காலமாக வழங்கிவரும் வைத்தியம், பள்ளிக்கூட ரப்பர். ராமைக் கழற்றி, அதன் அடியில் வரிசையாக மின்னும் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால், காற்றுப்பட்டுப் படிந்த மங்கல் படலம் போய்விடும். மகளின் பென்சில் பெட்டியிலிருந்த ரப்பரை எடுத்தேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். வாசனை இருப்பதும் இல்லாததும் பலனை மாற்றவில்லை என்பது இந்த ஆய்வின் புதிய பங்களிப்பு. துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று கேட்கும் வரை அழுத்தினேன். அழுகை நின்றது.

நின்றதும் அடுத்த வியாதி தெரிந்தது. பெட்டியின் கணக்கில் அன்றைய தேதி 2008 ஜனவரி 1. தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டப் பேட்டரி இருக்கும், எண் சி.ஆர். 2032, அழுத்தம் 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காப்பது அதன் வேலை. அது செத்துவிட்டால் கணினி தூங்கி எழும்போதெல்லாம் தனக்குத் தெரிந்த முதல் தேதிக்குப் போய்விடும். தேதி தவறினால் என்ன என்று அலட்சியம் கூடாது. இணையதளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் இன்ன நாளிலிருந்து செல்லும் என்று எழுதியிருக்கும். 2008இல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவில்லை. வங்கி, ரயில்வே, நாளிதழ் எல்லாரையும் போலி என்று என் பெட்டி ஒரேயடியாக மறுத்தது. கடை பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமை ஆதலால், வீட்டில் எடை பார்க்கும் கருவியிலிருந்து அதே எண் பேட்டரியை எடுத்துப் போட்டேன். அதன் பின்விளைவு ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இனி உள்ளே எந்த இயங்குதளம் வைப்பது? விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்திவிடும்: 4 ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம் என்றால், 2024இல் வந்த 24எச்2 பதிப்பு கோர் 2 டியோவில் எழவே எழாது. ஓர் இரும எண்ணில் எத்தனை ‘1’ இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கட்டளை ஒன்று அந்தப் பிராசசரில் கிடையாது. பதிப்புக்கோ அது இல்லாமல் முடியாது. ஒன்று எண்ணத் தெரியாததற்காக வேலை மறுக்கப்பட்டது உலகில் இது ஒன்றுதானா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆகவே லினக்ஸ். அதுவும் 1991இல் ஹெல்சின்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். இன்டெல் 386 என்ற சில்லில் பிறந்தது. 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவையே நீக்கிவிட்டது. பிறந்த வீட்டை விற்றுவிட்டுப் புறப்பட்ட பிள்ளை என்றாலும் பழைய பெட்டிகளிடம் மற்றவர்களைவிட இரக்கம் உள்ளது. டெபியன் 13 ஏற்றினேன். டெபியன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படத்துப் பொம்மைகளின் பெயர் வைப்பது வழக்கம்; தூக்கிப் போடப்படுவோமோ என்று பயப்படும் பழைய பொம்மைகளின் கதை அது. பெயர் வைத்தவர்கள் நம் கோட்பாட்டை அறிந்தவர்கள் போலும். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக இன்னொரு 1 ஜி.பி. ராம் வாங்கிச் செருகியதும் நடமாட்டம் வந்தது.

இங்கே மறுப்பார் எழுவர். ராஸ்பெரி பை என்று உள்ளங்கையளவு கணினி 2012 முதல் விற்கிறதே, சும்மா இருக்கும்போது 3 வாட்தானே இழுக்கும், இந்தப் பெட்டியை எதற்குக் கட்டி அழ வேண்டும் என்பர். கணக்குப் பார்த்தால் அவர்கள் பக்கம் வலுவானதே. என் பெட்டி மானிட்டர் இல்லாமல் ஏறக்குறைய 70 வாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.68 யூனிட்; அறுபது நாளுக்கு 100.8 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட். அரசு தரும் இலவசம் முழுவதையும் விழுங்கிவிட்டு, மேலும் 0.8 யூனிட்டுக்குக் கை நீட்டுகிறது. அந்தச் சின்னப் பலகையோ அதே காலத்தில் 4.32 யூனிட்டோடு எழுந்துவிடும். இருப்பினும் இம்மறுப்பு பொருந்தாது. என்னை? கரித்துணிக்காகக் கடைக்குப் போய்ப் புதுத்துணி எடுப்பார் இல்லை ஆதலான். காசு கொடுத்து வாங்கிய பலகையைப் பாழாக்கக் கை கூசும். பெட்டியை வேண்டும்போது மட்டும் போடுவது என்று தீர்மானித்து மின்கட்டணத்தைச் சமாளித்தோம்.

எஞ்சியிருப்பது மூலக்கேள்வி. அதை எழுப்பியவர் என் மனைவி.

“என்னங்க, அதை எடைக்குப் போட்டுடலாமா?”

“இல்லைம்மா, டெஸ்ட் மெஷினா வச்சுக்கறேன்.”

“எதை டெஸ்ட் பண்ண?”

ஆறு மாதமாகப் பதில் தேடினேன். இதுவரை பெட்டியில் செய்த சோதனைகள்: ஹார்ட் டிஸ்கை நான்காகப் பிரித்தது, மறுபடி ஒன்றாக்கியது, தட்டச்சுப் பலகையில் தமிழ் 99 வைத்தது, வேண்டாத ஒன்றை அழிக்கப்போய் வேண்டியதையும் அழித்தது, ஐந்து முறை முதலிலிருந்து நிறுவியது. எதன் முடிவும் எங்கும் பயன்பட்டதில்லை.

பிறகு ஒரு மாலை, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் கோப்புறைப் பட்டியல் திறந்திருந்தது.

“அப்பா, இந்த ‘யு.எஸ்.ஆர்.’ங்கறதை அழிச்சா என்ன ஆகும்?”

“அழிச்சுப் பாரு.”

என் லேப்டாப்பை அவள் தொட்டாலே நான் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதனால் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். சில நொடிகள். சுட்டி நகர்ந்தது, வேறு எதுவும் நகரவில்லை. எதைத் தட்டினாலும் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. “ஐயோ, மறுபடி போட்டா வருமா?” என்று பட்டனை அணைத்துப் போட்டாள். வரவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். ஆறாவது முறை நிறுவியது நானில்லை, மகள்.

அன்று மனைவி, எடைக்குப் போடும் பேச்சை எடுக்காமல், பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். கையிலிருந்தது நீலக் கட்டம் போட்ட துணி. எங்கோ பார்த்ததாகத் தோன்றி வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் காலர் தையல் இன்னும் இருந்தது. 2008இல் ரிச்சி தெருவுக்கு இந்தக் கணினியை வாங்க நான் போட்டுக்கொண்டு போன சட்டை.

“இது எப்போ கரித்துணி ஆச்சு?”

“அது ஆகி நாலு வருஷம் ஆச்சு. குடுங்க, குக்கர் இறக்கணும்.”