சத்துணவுக் கூடத்தில் ஆய்வு நடத்துவது எப்படி?

திடீர் ஆய்வு என்றால் முந்தின நாள் மாலையே தகவல் போய்விட வேண்டும். அண்டாவைப் புளி போட்டுத் தேய்க்கவும், சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கவும் அவகாசம் வேண்டாமா?

பதினொன்றரைக்கே போய்விடுங்கள். தாமதித்தால் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்க்க நேரும்.

சாம்பாரை ருசி பார்க்குமுன் கரண்டியை அடிவரை விட்டுக் கிண்டச் சொல்லுங்கள். பருப்பு அடியில்தான் தங்கும். மேலாக மொண்டால் மஞ்சள் வெந்நீரும் இரண்டு கறிவேப்பிலையும்தான் வரும். அது வரிசையில் முதலில் நிற்கும் ஒன்றாம் வகுப்புக்கு. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லுங்கள். குறை சொல்லாவிட்டால் அது என்ன ஆய்வு?

முட்டையிடம் மட்டும் ஜாக்கிரதை. தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது தேசிய விதி. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். பாதிக் கணக்கை அந்த ஒற்றை முட்டையே சுமக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், 1989இல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார், இன்று பள்ளி நாள்தோறும் முட்டை. (இதில் கேலி இல்லை. முட்டை என்றாலே முகம் சுளிக்கும் மாநிலங்கள் இன்னும் இருக்கின்றன.) ஆகவே முட்டைகளை எண்ணுங்கள், தராசில் மட்டும் வைக்காதீர்கள். உரித்தும் பார்க்க வேண்டாம். விடிந்ததிலிருந்து வெந்த முட்டையின் கரு பச்சை பூத்திருக்கும்.

பிள்ளைகளிடம் கூட்டமாகக் கேளுங்கள். "நல்லா இருக்கு சார்!" என்று கூரை அதிரும். தனியாக ஒன்றைக் கூப்பிட்டுக் கேட்டால், "இன்னிக்கு நல்லா இருக்கு சார்" என்று அந்த 'இன்னிக்கு'வில் அழுத்தம் கொடுத்துத் தொலைக்கும்.

பதிவேட்டில் 'தரமாகவும் சுவையாகவும் இருந்தது' என எழுதுங்கள். சென்ற முறை வந்தவர் எழுதியதைப் பார்த்து எழுதினால் பிழை வராது.

கையெழுத்துப் போடும்போது அமைப்பாளர் அம்மா மெல்லப் பக்கத்தில் வருவார். "ஐயா, காய்கறிக்குக் கைக்காசுதான் போட்டுக்கிட்டிருக்கேன். தக்காளி விக்கிற விலைக்கு அரசு தர்ற காசு பத்தல. கடைக்காரர் இனிமே கடன் இல்லைங்கிறார்." அப்போது உங்கள் கைப்பேசி அடிக்க வேண்டும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.