காளை முகம் பார்க்காத கன்றுகள்

காங்கேயம் பக்கம் எழுபதுகளில் ஒரு மாடு பருவத்துக்குக் கத்தினால் அது ஊர்ச் சேதி. எங்கள் கட்டுத்தறி மாடு என்றால், அப்பிச்சி கைவேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு பெரிய பண்ணைக்காரர் வீட்டுப் பொலிகாளையிடம் கிளம்பிவிடுவார். வேடிக்கை பார்க்கப் பின்னால் ஓடுகிற பொடிசுகளை மண்ணாங்கட்டி வீசி விரட்டுவார்.

அந்தக் காளைக்கு இருந்த மரியாதை ஊர்த்தலைவருக்குக் கிடையாது. மேனி மயிலை, திமிலும் கழுத்தும் கருக்கல். தினமும் ஊறவைத்த பருத்திக்கொட்டை. அதன் அப்பன் கண்ணபுரம் சந்தையில் என்ன விலை போனது, தாய் எந்தக் கொறங்காட்டில் மேய்ந்தது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இருந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. ஆனால் யாரும் விசாரிக்காத ஒன்று உண்டு. பல கட்டுத்தறி மாடுகளும் ஒரே காளையிடம் போனால், கன்று வீசும் நோயும் அதே வழியில் வீடு வீடாகப் போகும். கன்று வீசினால் கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். காளையின்மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு சைக்கிளில் ஒருவர் வந்தார். கேரியரில் ஐஸ் போட்ட தெர்மாஸ் பிளாஸ்க். அதற்குள் காளை இருப்பதாகச் சொன்னார். 1939இலேயே மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் என்பவர் செய்துகாட்டிய சினை ஊசி வேலைதான். எங்கள் ஊருக்கு வந்துசேர இத்தனை காலம். அமுச்சி திண்ணையிலிருந்தே தீர்ப்பு சொன்னாள்: "காளை மூஞ்சியவே பாக்காம கன்னு போடுமாமா? நல்லாருக்குது கத!"

அந்த ஊசியில் பிறந்த ஜெர்சிக் கலப்புக் கிடாரி தலை ஈத்து ஈன்றது. கன்றுக்கு விட்டது போக இரண்டு லிட்டர் கறந்தால் பெரிதென்றிருந்த வீட்டில், ஒரே வேளையில் குண்டா நிரம்பி நுரை வழிந்தது. அடுத்த முறை ஊசிக்காரர் வந்தபோது அவருக்கு உப்பும் பெருங்காயமும் போட்டு மோர் வந்தது. "டாக்டரு வெயில்ல வந்திருக்கறாரு" என்றாள் அமுச்சி. காளை மூஞ்சியைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

பிளாஸ்க் போய் நைட்ரஜன் கேன் வந்தது. விந்தணுவோடு கிளிசரின் சேர்த்தால் உறைந்தாலும் சாகாது என்று இங்கிலாந்தில் 1949இல் கண்டுபிடித்தார்கள். சேவல் விந்தில் பார்த்த வேலை மாட்டுக்கு வந்தது. மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் உறைவிந்து குச்சிக்கு வயசாவதில்லை. காளை செத்துப் பல வருஷம் கழித்தும் அதற்குப் பிள்ளை பிறக்கிறது. ஊட்டியிலும் ஓசூரிலும் ஈச்சங்கோட்டையிலும் அரசே இந்தக் குச்சிகளைத் தயாரிக்கிறது. டாக்டர் கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். இடுக்கியால் கடலைக்காம்பு கனத்தில் ஒரு குச்சியை எடுத்து உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, துடைத்து, நுனியை வெட்டி, நீளத் துப்பாக்கியில் மாட்டுவார். இடது கை மாட்டின் பின்புறத்தில் தோள்வரை போகும். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது, தவிட்டுத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கும். இப்போது மாட்டின் காதில் மஞ்சள் வில்லை, அதில் 12 இலக்க எண். பேர் சொல்லிக் கூப்பிட்ட ஜீவனுக்கு ஆதார் வந்துவிட்டது. குச்சியின்மேல் இருக்கும் அப்பனுக்கும் எண்தான்.

இதற்கிடையில் கட்டுத்தறியில் காங்கேயம் காணாமல் போனது. ஊசிதான் அழித்தது என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் நிஜம். கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த எருதை மோட்டார் பம்பும், உழுத எருதை டிராக்டரும் வீட்டுக்கு அனுப்பின. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் முளைத்திருந்த கொறங்காடு சைட்டுக் கல் நட்டதில் போனது. ஊசி வந்தபோது மாட்டின் வேலை ஏற்கெனவே பறிபோயிருந்தது. ஆனால் மோட்டார் பம்பைத் திட்ட யாருக்கு மனசு வரும்?

2017இல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியது. அதோடு நாட்டு மாட்டுக்கு மவுசு வந்தது. ஜெர்சி போதும் என்று மயிலைகளை அடிமாட்டுக்கு ஓட்டிய என் மாமா ஒருவர் வீட்டிலேயே, பேரன் காங்கேயம் பசு வாங்கியிருக்கிறான். மென்பொருள் வேலை பாதி, மாடு பாதி. அவன் மயிலைக்குக் காங்கேயம் குச்சி வருவது அதே நைட்ரஜன் கேனில்தான். பாதி ஜெர்சியான பழைய கலப்பிலிருந்து காங்கேயத்துக்குத் திரும்பவேண்டுமானால், தலைமுறைக்கு ஒரு குச்சி வீதம் மூன்று தலைமுறை போட்டாலும் பதினாறில் ஒரு பங்கு வெளிரத்தம் மிச்சம் நிற்கும். விட்டது ஒரே சந்தை நாளில்.

இந்தக் கதையின் உச்சம் ஹரியானாவில் நடந்தது. கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2023 மார்ச்சில் 'கங்கா' என்ற கிர் கன்று குளோனிங் முறையில் பிறந்தது. உயிரணு கிர் பசுவுடையது. கருமுட்டை சாகிவால் பசுவுடையது. சுமந்து ஈன்றது ஒரு கலப்பினப் பசு. நாட்டு இனத்தைக் கெடுத்த பாவி என்று நாம் வசைபாடும் அதே கலப்பினம்தான் நாட்டு மாட்டுக்கு வாடகைத் தாய். அவள் கூலி கேட்டதாகத் தகவல் இல்லை.

போன மாதம் மாமாவின் பேரனான அந்தப் பையன் கட்டுத்தறியில் உட்கார்ந்திருந்தேன். ஜெர்சிக்கும் மயிலைக்கும் ஒரே நாளில் பருவம். டாக்டர் பைக்கில் வந்தார். ஜெர்சிக்குப் பையன் கேட்டது கிடாரிக் குச்சி. பெண் கன்று தரும் விந்தணுவில் மரபுப்பொருள் கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி லேசர் காட்டினால் அது கூடுதலாக ஒளிரும். அதை வைத்து எந்திரம் ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது. பத்துக்கு ஒன்பது கிடாரி. பால் கறக்காத காளைக்கன்றைப் பட்டினி போட்டுச் சாகவிடுகிற கொடுமை இதனால் குறையும் என்பது என் கட்சி. வாயில்லாத ஜீவனுக்கு விஞ்ஞானம் செய்த உருப்படியான உதவிகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

ஜெர்சிக்கு முடிந்தது. பையன் தலையைச் சொறிந்தான். "ஏனுங்க டாக்டர், மயிலைக்குக் காளைக்கன்னுதானுங்க வேணும். ரேக்ளாவுக்குப் பழக்கலாம்னு. ஆண் குச்சி இருக்குதுங்களா?"

டாக்டர் சிரித்தார். "பொட்டைக்குத்தாந் தம்பி மெசினு ஓட்டறாங்க. ஆண் பக்கம் பிரிஞ்சதை அங்கயே ஊத்திருவாங்க. சாதாக் குச்சி போட்டா பாதிக்குப் பாதி."

"இத்தன கோடி போட்டு மெசினு வாங்கி, கடசீல பாதிக்குப் பாதிங்களா?" பையன் என்னைப் பார்த்தான். "சரி மாமா, வெள்ளகோயில் வீரக்குமாரசாமிக்கு முடிஞ்சு வெச்சுக்கறேன். நீங்க சாதாக் குச்சியே போடுங்க டாக்டர்."