மேடைக்கு மட்டும் பழங்குடி

இந்தியா 1947-இல் விடுதலை அடைந்தது. அந்தச் சேதி கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கல்வராயன் மலை ஏற 1976 ஆயிற்று. அதுவரை மலை ஜாகிர்தார்கள் என்ற மூன்று பரம்பரை நிலப்பிரபுக்களின் கையில் இருந்தது. ஜாகிர்தாருக்கு வரி கட்ட வேண்டும், கூலி கேட்காமல் வேலையும் செய்ய வேண்டும். மலைக்கு அடிவாரத்தில் ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. மேலே அண்ணாந்து பார்க்க யாருக்கும் கழுத்து வளையவில்லை.

ஜாகிர்தார் போனார், வனத்துறை வந்தது. பாட்டன் தினையும் சாமையும் விதைத்த கொல்லையில் பேரன் ஆக்கிரமிப்பாளன் ஆனான். 2006-இல் வன உரிமைச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகள் தவழவே இல்லை.

ஆனால் பண்பாடு என்றால் மட்டும் நமக்கு உயிர். கோடை விழா வந்தால் போதும், மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள்) ஆட்டத்தைப் பார்க்க முன்வரிசையில் சோபா போட்டுவிடுவோம். தொன்மை மாறாத மக்கள் என்று மைக் உருகும். உண்மைதான் ஐயா, எதுவும் மாறவில்லை. பிரசவ வலி கண்டவளைக் கம்பில் போர்வை கட்டி டோலியில் சுமந்து இறங்கும் வழக்கம்கூடச் சில குக்கிராமங்களில் தொன்மை கெடாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கலாம். மேடைக்குப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கும், பார்வையாளர்களுக்காக.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாலித் தீவுக்குப் பறந்து, உளுவாட்டுக் கோயிலில் பொழுது சாயும் நேரம் கெச்சாக் ஆட்டத்தை டிக்கெட் வாங்கிப் பார்த்து, "என்னமா பாதுகாக்கிறாங்க சார்!" என்று நெஞ்சில் கைவைக்கிற கூட்டம். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கு வருவார். குளிப்பார், குடிப்பார், பாட்டிலைப் பாறையில் உடைப்பார். வழியில் தேனும் கடுக்காயும் விற்கிற கிழவியிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பார். மலையாளிகளின் சாமி கரிராமன். அது யார் என்று கேட்டால் எந்தக் கட்சி என்பார்.

பழங்குடி என்பதற்குச் சான்று வேண்டுமே! ஆட்டத்தைப் பார்த்து நம்புகிற அரசு, ஆளைப் பார்த்து நம்பாது. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்றால் தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென்னாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டத்தார் மட்டும். வட ஆற்காடும் தென்னாற்காடும் வரைபடத்திலேயே இல்லை, பட்டியலில் சிரஞ்சீவியாக இருக்கின்றன. கல்வராயன்காரர் பிழைத்தார். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி பழங்குடி இல்லை. இவர்களுடைய முன்னோர் மலையேறும்போது வெள்ளைக்காரன் வரையப்போகும் ஜில்லா எல்லையைக் கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். நட்ட நடு நகரம், காவல் நிலையம் கூப்பிடு தூரம். மலையில் யாரும் காய்ச்சவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மெத்தனால் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை, எந்த ஊறலிலும் இப்படி ஊரைக் கொல்லும் அளவுக்குப் பொங்குவதில்லை. ஆலையில் தயாராகி, லாரியேறி, சோதனைச் சாவடிகளைக் கடந்து, கைமாறிக் கைமாறி வருகிற சரக்கு அது. அதை வழியில் பார்க்காத கண்களுக்கு, சாவு விழுந்ததும் மலை மேல் புதரடியில் இருந்த பேரல் பளிச்சென்று தெரிந்தது. படை ஏறியது, ஊறலைக் கொட்டியது, படம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு வழக்கை எடுத்தது. சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்று நீதிபதிகள் கேட்கக் கேட்க, கோட்டையிலிருந்து கோப்புகள் கிளம்பின. கருணாபுரத்துக் கூலிக்காரக் குடும்பங்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். டோலியில் பாதி வழியில் செத்தவளுக்கு என்ன விலை என்று எந்தக் கோப்பும் சொல்லவில்லை. அவள் ஒருத்தியாகச் செத்தாள். ஆட்சிக்குக் கணக்கு வைக்கக் கும்பலாகச் சாக வேண்டும்.